சேஸிஸில் வெட்டிய பிறை

அத்தியாயம் 11

ஒரு வாரத்தில் மனுஷன் எதையும் மறந்துவிடுவான். அதனால் நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

என் தம்பி செலெதோனியோவின் ஐம்பத்தொன்றாம் வருஷத்து பிக்கப் வண்டி, கொட்டகைக்குப் பின்னால் நாற்பது வருஷம் கோழி அடைந்து கிடந்தது. சுரங்கத் தூசி அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் பெரிய வெள்ளியன்று சிமாயோ கோவிலுக்கு நடந்தே போனவன். "இந்த வருஷம் என் வண்டியில போறேன். சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளுறதா இருந்தா என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். அடுத்த வருஷத்தைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை.

அதனால் நானும் என் மகள் நியேவெஸும் ஐந்து மாதம் கொட்டகையிலேயே கிடந்து அந்த வண்டியை வெட்டி, இறக்கி, ஸ்விட்சைத் தட்டினால் தரையோடு படுத்து எழுகிற மாதிரி செய்தோம்.

வண்டி படுக்க வேண்டுமென்றால் பின் அச்சு மேலே ஏற இடம் வேண்டும். அச்சுக்கு நேர் மேலே சேஸிஸின் இரண்டு பக்கமும் பிறை வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வளைத்த தகட்டை வைத்து வெல்டு அடிப்பார்கள். வண்டியின் பின்பாரம் முழுக்க அந்த இரண்டு பிறையில்தான் நிற்கும். இடது பிறை நியேவெஸ் அடித்தது. வலது பிறை நான்.

போன வாரம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வலது பிறையை நான் கண்ணால் பார்த்து அடிக்கவில்லை.

இரண்டு வருஷமாக எனக்கு எல்லாம் பால் ஊற்றின மாதிரி தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவார்கள், டாக்டர் கத்தியை எடுப்பான். நான் காதால் வெல்டு அடித்தேன். நெருப்பு சரியாக விழுந்தால், காய்ந்த எண்ணெயில் முட்டையை உடைத்து விட்ட மாதிரி ஒரே சீராகப் பொரியும். சத்தம் சரியாகத்தான் இருந்தது. விழ வேண்டிய இடத்தில் விழுந்ததா என்று சத்தம் சொல்லாது.

பிறகு அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். எங்கள் ஊரில் வண்டியைக் காட்டும்போது அடியில் கண்ணாடி விரித்து வைப்பார்கள். அடிவயிறும் முகம் மாதிரி மின்ன வேண்டும், வெல்டுத் தழும்பு தெரியக்கூடாது. தேய்த்த பள்ளத்தில் பட்டி பூசி, அதன் மேல் கருந்திராட்சை நிறம் அடித்தோம்.

இனி வெள்ளிக்கிழமை காலை.

*

நியேவெஸ் முற்றத்தில் நாலு கண்ணாடியை விரித்து, வண்டியை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தித் தூக்கி வைத்திருந்தாள். போட்டோ எடுக்க. செலெதோ நாற்காலியில் உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டையின் மேல் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் இருந்திருப்பான். எனக்கு வெள்ளையாக ஒரு சட்டைதான் தெரிந்தது.

அழையாமல் வந்து நின்றான் அம்ப்ரோசியோ. நியேவெஸுக்கு ஞானத்தகப்பன், அதனால் எனக்குக் கொம்பாத்ரே, கூடத் தகப்பன் முறை. ஊருக்குள் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறான். நாற்பது வருஷமாக என் வேலையில் குறை தேடுவதே அவனுக்கு இன்னொரு தொழில்.

"குனிஞ்சு பாக்கலாமா, இல்ல அதுக்கும் சீட்டு வாங்கணுமா?" என்றான்.

"உன் முட்டி மடங்கினா பாரு" என்றேன்.

முட்டி மடங்குகிற சத்தம் கேட்டது. அவன் கண்ணாடி ஓரத்தில் கையூன்றி உட்கார்ந்தான். சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"பிதென்சியோ, இங்க வா."

"அங்கிருந்தே சொல்லு."

"வலது பக்கம், பிறைக்குக் கீழே ஒரு கோடு தெரியுது. முடி மாதிரி."

"முடியாத்தான் இருக்கும். நாய் படுத்து எழுந்த இடம்."

"கண்ணாடியைத் துடைச்சுட்டேன். கோடு அங்கேயேதான் இருக்கு."

"அப்ப உன் கண்ணுல இருக்கு."

அவன் எழுந்தான். என் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினான். "பெயிண்ட் வெடிச்சிருக்கலாம். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு தடவை நீ பாத்துடு. உன் தம்பி உக்காரப் போற வண்டி."

நியேவெஸ் கேட்டுவிட்டாள். "என்னப்பா? மாமா என்ன சொல்றாரு?"

"அவன் பட்டறையில வேலை இல்லையாம். நம்மகிட்ட ஒரு வேலையைக் கண்டுபிடிக்கிறான்."

"நீங்க பாத்தீங்களா?"

நான் குனிந்தேன். வலது சக்கரத்துக்குப் பின்னால் தலையை நீட்டினேன். ஒரு கருப்பு, அதற்கு மேல் இன்னொரு கருப்பு. கண்ணாடியில் வானம் வெள்ளையாக அடித்தது. பத்து எண்ணும் அளவுக்கு அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்லை."

இதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் நிறுத்தி, பெயிண்டைச் சுரண்டிப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய வெள்ளி இரண்டு நாள் தள்ளிப் போகாது. செலெதோவுக்கு இன்னொன்று வராது. அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், அம்ப்ரோசியோ சொல்லி நான் கேட்டேன் என்று ஆகிவிடும்.

"மாமா, அப்பாவே பாத்துட்டாரு" என்றாள் நியேவெஸ். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அம்ப்ரோசியோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செலெதோவை இரண்டு பேரும் தூக்கி ஏற்றினோம். ஆக்ஸிஜன் உருளையை அவன் காலிடுக்கில் நிறுத்தி வாரால் கட்டினாள் நியேவெஸ். அவன் இப்போது ஒரு மூட்டை வைக்கோல் கனம்கூட இல்லை.

"நீ வரலையா அண்ணே?"

"மூணு பேர் உக்கார்ந்தா வண்டி அழகாத் தெரியாது."

"அழகைப் பத்தி நீ பேசுற" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் முடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கோவில் வாசல்ல வண்டியைப் படுக்கப் போடச் சொல்றேன். பாதிரியார் தலையில அடிச்சுக்கட்டும்."

நியேவெஸ் வண்டியை இறக்கினாள். பம்ப் முனகியது. தரைக்கு ஆறு விரற்கடை விட்டு நின்றது. பின்பு மெதுவாக, நடக்கிற வேகத்தில், வாசலைத் தாண்டிப் போனார்கள். தெருவில் யாரோ விசிலடித்தார்கள்.

*

நான் கண்ணாடிகளை எடுத்து வைக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஆடுகள் வந்தால் மிதித்து உடைத்துவிடும்.

மூன்றாவது கண்ணாடியைத் தூக்கும்போது என் கட்டைவிரலில் ஏதோ குத்தியது. அரிசி மணி நீளத்துக்கு ஒரு சில்லு. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. விரலால் உருட்டினேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. மறுபக்கம் சுண்ணாம்பு மாதிரி மாவு. நகத்தளவு தடிப்பு.

பெயிண்ட் இவ்வளவு தடிப்பாக இருக்காது. இது பெயிண்டோடு பட்டியும் சேர்ந்து விழுந்தது.

நியேவெஸின் இடது பிறைக்குப் பட்டி தேவைப்படவில்லை. அந்த வண்டியின் அடியில் பட்டி பூசிய இடம் ஒன்றே ஒன்றுதான். என் வலது பிறை.

பட்டி தானாக உதிராது. பின்னால் இருக்கிற இரும்பு அசைந்தால் உதிரும். சேர்ந்திருக்கிற இரும்பு அசையாது.

நான் அங்கேயே, ஆடு மேய்கிற புழுதியில், உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வருஷம் குழாய்க்கு வெல்டு அடித்தவன். ஆற்றுக்கு அடியில் போட்ட குழாய் இன்னும் ஒழுகவில்லை. என் தம்பிக்கும் என் மகளுக்கும் அடித்ததில் நெருப்பு இணைப்புக்குப் பக்கத்தில் எங்கோ விழுந்திருக்கிறது. சட்டைத் துணியில் தையல் ஓரமாக ஓடிப்போன மாதிரி. மேலே ஒட்டியிருந்த கொஞ்சத்தையும் நானே தேய்த்து எடுத்துவிட்டேன், கண்ணாடியில் அழகாகத் தெரியட்டும் என்று.

நியேவெஸுக்குப் போன் அடித்தேன். எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு பொத்தானை நீளமாக அழுத்தினால் போகும். மணி அடுப்படியில் அடித்தது.

தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை போனைத் தொடுவதில்லை என்று அவள் நேர்ந்துகொண்டிருக்கிறாள். பனோச்சா களி ஆறுகிற சட்டிக்குப் பக்கத்தில் கிடந்து அது பாடியது. செலெதோவிடம் போன் கிடையாது. என்னிடம் வண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. போன வருஷம் கண் பரிசோதனைக்குப் பயந்து புதுப்பிக்கவில்லை, கால் வலி என்று வீட்டில் சொன்னேன்.

எனக்குத் தெரிந்து உடனே வரக்கூடியவன் ஒருத்தன்தான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"என்ன?" என்றான் அம்ப்ரோசியோ.

"நீ காலையில பாத்தியே."

"முடி."

"முடி இல்லை."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து கிலுங்கியது. "வாசல்ல நில்லு. வரேன்."

*

சிமாயோ சாலையில் இரண்டு ஓரமும் நடக்கிற ஜனம். எனக்கு அது வேலி ஓரத்தில் அசைகிற துணி மாதிரி தெரிந்தது. அம்ப்ரோசியோ ஹாரனில் கையை வைத்தே ஓட்டினான்.

"காலையில குனிஞ்சு பாத்தியே, அப்ப உனக்குத் தெரியலையா?"

"தெரியல."

"அவ்வளவு பெரிய கோடு தெரியலையா?"

"சக்கரமே தெரியல."

அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான் போல, வண்டி தடுமாறியது. "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"அப்ப அந்த வெல்டு?"

"காதால."

அவன் மறுபடி வேகத்தைக் கூட்டினான். என்னைத் திட்ட அவனுக்கு நாற்பது வருஷத்தில் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் அதுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோவிலுக்கு ஒரு மைல் முன்னால் சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். உள்ளே போன வண்டிகள் போயாச்சு, இனி நடக்கிறவர்கள் மட்டும்தான் என்றான் அங்கே நின்ற போலீஸ்காரன். சின்ன வயசுக் குரல்.

"தம்பி, முன்னால கருந்திராட்சைக் கலர்ல ஒரு பழைய பிக்கப் போகுது பாரு. அதை நிறுத்தணும். சேஸிஸ் வெடிச்சிருக்கு" என்றான் அம்ப்ரோசியோ.

"எதை, அந்தப் படுத்துக்கிட்டுப் போறதையா?" என்று சிரித்தான் அவன். "அது அப்படித்தான் இருக்கணும் பெரியவரே. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு."

"படுத்தது இல்லப்பா, உடையுது."

"வண்டியைத் திருப்புங்க. பின்னால ஆம்புலன்ஸுக்கு வழி விடணும்."

நான் அம்ப்ரோசியோவின் கையைப் பிடித்தேன். "வண்டி தெரியுதா உனக்கு?"

"தெரியுது. வளைவுல போகுது. முன்னால நாப்பது வண்டி, ஊர்ந்துக்கிட்டு."

"எப்படி நிக்குது? சொல்லு."

"வலது பின்பக்கம் இறங்கியிருக்கு. ரெண்டு விரக்கடை. இல்ல, மூணு."

அப்போது தூரத்தில் கைதட்டல் கேட்டது. விசிலும்.

"எதுக்குத் தட்டுறாங்க?"

அம்ப்ரோசியோ ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "நியேவெஸ் ஸ்விட்சை வச்சு விளையாடுறான்னு நினைக்கிறாங்க. ஒரு பக்கமாச் சாய்க்கிறாளாம்."

வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு வண்டி கோணிக்கொண்டு போனால், யாராவது ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் கோணிக்கொண்டு போகத்தான் காசைக் கொட்டுகிறோம். உடைகிற வண்டிக்கும் ஆடுகிற வண்டிக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தனுக்குக் கண் இல்லை. இன்னொருத்தனைப் போலீஸ் வண்டியைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"எங்க போற? விழுந்து தொலைக்கப் போறடா" என்று பின்னால் கத்தினான் அம்ப்ரோசியோ. அவனை அங்கே விட்டுவிட்டு நடந்தேன்.

*

கூட்டத்தில் நான் முதலில் மோதியது ஒரு மரச்சிலுவை. அடுத்து ஒரு தள்ளுவண்டி. உள்ளே குழந்தை அழுதது. "பாத்து வாங்க" என்றார்கள். வேகமாகப் போனால் மோதினேன், மெதுவாகப் போனால் வண்டி தள்ளிப் போனது.

எழுபத்துமூன்று வருஷத்தில் நான் சத்தமாக உதவி கேட்டதில்லை. கேட்டால் மனுஷன் நம் பையில் கை விடுவான் என்று நினைக்கிறவன். ஆனால் அப்போது வேறு வழி இல்லை.

"எனக்குக் கண்ணு தெரியாது" என்று கத்தினேன். "வழி விடுங்க. கண்ணு தெரியாது."

கூட்டம் பிளந்தது. நிஜமாகவே. சிமாயோவில் குருடனுக்கும் நொண்டிக்கும்தான் முதல் வழி. அங்கே மண் எடுத்துப் பூசிக்கொள்ளத்தானே அத்தனை பேரும் நடக்கிறார்கள். "வழி விடுங்க, கண்ணு தெரியாதவரு, கோவிலுக்குப் போறாரு" என்று முன்னால் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்கள்.

"நான் கோவிலுக்குப் போகல" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஒரு பொம்பளை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வருகிறவர்களில் யாரோ என் உள்ளங்கையை விரித்து ஒரு பிடி மண்ணை வைத்து மூடினார்கள்.

"கண்ணுல தடவிக்கங்க தாத்தா. எங்க அம்மாவுக்குத் தெளிஞ்சுது."

"அம்மா, எனக்கு மண்ணு வேண்டாம். முன்னால ஒரு வண்டி போகுதே, அதுகிட்ட கொண்டு போய் விடு."

"எது, அந்தத் திராட்சைக் கலரா?" என்றாள் முழங்கையைப் பிடித்தவள். "என்ன அழகு. ராஜா மாதிரி ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே போகுது."

"அது என் தம்பி வண்டி. அதை நிறுத்தணும்."

"அதான் நிக்குதே. முன்னால இறக்கம். ஒவ்வொண்ணா விடுறாங்க."

அந்த இறக்கம் எனக்குத் தெரியும். வளைந்து செங்குத்தாக இறங்கி நேரே கோவில் முற்றத்தில் முடியும். இரண்டு ஓரமும் ஜனம் தோளோடு தோள் உரசி நிற்கும். பாரம் முழுக்க ஆடி அசைகிற இடம் அது.

நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டம் என்றா சொல்வது, விழாமல் இருந்தேன். கருந்திராட்சை நிறத்தில் ஒரு கறை என் முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்ஜின் சத்தம் கேட்டது. அது நானே சரிசெய்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

"நியேவெஸ்!" என்று கத்தினேன். "ஸ்விட்சைத் தொடாதே. அணைச்சுடு. இறங்குங்க ரெண்டு பேரும்."

என்னோடு வந்தவர்களும் கத்தினார்கள். என்ன கத்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்துக் கைதட்டவும் ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் செலெதோ என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவன் கை வெளியே வந்தது. வெள்ளைச் சட்டைக் கை, வானத்தில் ஆடியது. நான் இத்தனை தூரம் நடந்தே வந்துவிட்டேன், அவனோடு கோவிலுக்குப் போக வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான். பாவி, வேறு என்ன நினைப்பான்.

"நியேவெஸ், உங்கப்பன் வந்துட்டான் பாரு" என்று இருமலுக்கு நடுவில் அவன் சொன்னது எனக்குக் கேட்டது. "தூக்கிக் காட்டு. அவன் செஞ்ச வேலை, அவன் பாக்கட்டும்."

என் கை பின்பலகையைத் தொட்டுவிட்டது. அவ்வளவு பக்கம்.

பம்ப் முனகியது. பலகை என் உள்ளங்கையிலிருந்து மேலே ஏறியது. இடது பக்கம் ஏறிய அளவுக்கு வலது பக்கம் ஏறவில்லை. என் விரலுக்கு அது தெரிந்தது. ஜனம் கூவியது. பம்ப் நின்றது.

கூச்சல் அடங்குவதற்கும் அடுத்த விசில் எழுவதற்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில், வலது சக்கரத்துக்கு மேலே, விரலைச் சொடுக்கின மாதிரி சின்னதாக ஒரு சத்தம்.

அவ்வளவுதான். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது.

முன்னால் நின்ற வண்டி இறக்கத்தில் இறங்கியது. அடுத்தது எங்களுடையது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். செலெதோ மூக்குக் குழாயோடு ஜன்னலில் தலையை நீட்டியிருக்க வேண்டும், சின்னப் பையன் குரலில் என்னைக் கேட்டான்.

"பாத்தியா அண்ணே?"

மண் இருந்த கையை நான் இன்னும் மூடியே வைத்திருந்தேன்.

"பாக்கல" என்றேன். "கேட்டேன்."